மலைநாட்டுக் கலாசாலை முற்றங்கள்

மலைநாட்டின் வனப்பைப் புகழாத பிரயாணிகள் இலர். கீழ்நாட்டிலிருந்து ஏறி வருவோர் நாவலப்பிட்டியைக் கடந்ததும் சாளரத்தின் பக்கம் நகர்ந்து அமர்கிறார்கள். ஹட்டனை அடையுமுன்னரே பேச்சிழந்து விடுகிறார்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலை மலைகளும், அவற்றினூடே வெள்ளிக் கோடுகளாய் இறங்கும் அருவிகளும், நண்பகலிலும் விலகாத மூடுபனியும் யாரைத்தான் மயக்கமாட்டா? அவர்கள் புகழ்வது முறையே. ஆயினும் அப்புகழுரையில் ஒரு சொல் மட்டும் இங்கேயே வாழும் நம் செவிகளுக்குச் சற்று உறுத்தலாக இருக்கிறது. ‘இயற்கை அழகு’ என்கிறார்களே, அச்சொல்தான் அது.

தேயிலை மலை தானாகத் தோன்றியதன்று. வெட்டாது விட்டால் தேயிலை ஓங்கி வளரும் ஒரு மரம். மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் கொழுந்து கிள்ளி, இடுப்பளவில் அதனை நிறுத்தி வைத்திருப்பவை மனிதரின் கைகள். ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக, அக்கைகள் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. ஆகவே மலைநாட்டின் அழகு, பேணப்படும் அழகு. பேணுவோர் கையெடுத்தால் மூன்றே ஆண்டுகளில் அது காடாகிவிடும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டே கலாசாலைகளின் முற்றங்களைப் பற்றிச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம். கல்விக்கூடம் என்றதும் நாம் கட்டடங்களையும் நூல்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எண்ணுகிறோமேயன்றி, அவற்றைச் சூழ்ந்துள்ள வெளியை எண்ணுவதில்லை. மாணவர் தம் நாளில் ஒரு பாதியை அவ்வெளியிலேதான் கழிக்கிறார்கள். நண்பர்களை அங்கேதான் தேடிக்கொள்கிறார்கள். விரிவுரையில் விளங்காதது பல வேளைகளில் மரத்தடியில் விளங்கிவிடுகிறது.

மலையிறங்கிய பயணம்

சென்ற ஆண்டுகளில் பன்முறை உயர்தர வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் காணச் சென்றிருக்கிறோம். ஹட்டனில் காலைப் பனி விலகுமுன் பேருந்தில் ஏறினால், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பாதை வளைந்து வளைந்து இறங்கும். ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலிருந்து 1,500 அடிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு சிறிய பூகோள பாடமே நடந்துவிடுகிறது. முதலில் கம்பளிச் சட்டைகள் கழற்றப்படும். பின்னர் தேயிலை குறைந்து, பலாவும் கமுகும் மிளகுக் கொடியும் நிறைந்த வீட்டுத்தோட்டங்கள் தலைகாட்டும். கம்பளைக்கு அண்மையில் மகாவலி கங்கை நம்மோடு சேர்ந்துகொள்ளும். மலையுச்சிகளில் நாம் தாண்டிக் குதித்த சிற்றோடைகள் பலவும் அவ்வாற்றில்தான் கலந்திருக்கின்றன என்பதை மாணவருக்கு நினைவூட்டுவது நமது வழக்கம். தங்களுக்கு முன்னரே தங்கள் ஊர்த் தண்ணீர் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்துவிட்டது என்று ஒருமுறை ஒரு மாணவன் சொன்னான். அனைவரும் நகைத்தனர், ஆனால் அதில் ஓர் ஏக்கமும் கலந்திருந்தது.

பேராதனை பிறந்த வரலாறு

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்னும் இயக்கத்தை இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முன்னின்று நடத்தியவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலையாயவர். 1921ஆம் ஆண்டு கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அதன்பின் எங்கே பல்கலைக்கழகத்தை நிறுவுவது என்பது பற்றி நெடுங்காலம் வாதம் நடந்தது. தலைநகரம் என்றனர் சிலர். கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கு என்றனர் சிலர். ஈற்றில் ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலியின் கரையில், பேராதனை தெரிவாயிற்று. 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். 1952ஆம் ஆண்டு அது பேராதனையில் குடிபுகுந்தது.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் அதனைச் சம்பிரதாயப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே மாணவர் நிறைந்து இயங்கிக்கொண்டிருந்த இடத்தை எவ்வாறு திறப்பது? ‘வழக்கத்தினும் சற்று அதிகமாகத் திறந்திருக்கிறது’ என்று அவர் நகைச்சுவையாக அறிவித்ததாகச் சொல்வர். அச்சொல் பேராதனையின் முற்றங்களுக்கு இன்றும் பொருந்துகிறது. கலஹா வீதி வளாகத்தின் நடுவே ஓடுகிறது. ஊரார் போகிறார்கள், வருகிறார்கள். ஆறும் மலையும் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கின்றன.

இலண்டன் மாநகரத்தின் சீரமைப்புத் திட்டங்களால் புகழ்பெற்ற பற்றிக் ஆபர்குறொம்பியும் கிளிவர்ட் ஹொலிடேயும் வளாகத்தின் அமைப்பை வகுத்தனர். கட்டடங்களுக்கு உருவம் தந்தவர் நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஷர்லி டி அல்விஸ். கண்டி இராச்சியத்துக் கூரைகளையும் பழைய கற்றூண்களையும் அவர் நவீன மண்டபங்களில் பொருத்தினார். அவர் நினைவாக அமைந்த அல்விஸ் குளம் வளாகத்தில் இன்றும் இருக்கிறது. இவர்கள் செய்த பெருங்காரியம் யாதெனில், மலையைச் சமன் செய்து கட்டடம் எழுப்பாமல், மலையின் வளைவுகளுக்கு இசையக் கட்டடங்களை அடுக்கியதே. அதனால்தான் அங்கு எந்த மண்டபத்தின் வாயிலில் நின்றாலும் ஒரு சரிவும், ஒரு மரமும், அப்பால் ஒரு மலையும் கண்ணில் படுகின்றன.

நடந்து பார்த்தவை

பேராதனையை வாகனத்திலிருந்து காண்பது போதாது; நடக்க வேண்டும். அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம், ஜயதிலக மண்டபம், ஹில்டா ஒபயசேகர மண்டபம் என மாணவர் விடுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தம் முற்றத்தையும் மரங்களையும் கொண்டு விளங்குகின்றன. குடைவிரித்த தூங்குமூஞ்சி மரங்கள் மாலையில் இலை கூம்பி உறங்குகின்றன. தபேபுயா மரங்கள் வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும்போது, வீதி முழுவதும் மலர் விரிப்பாகிவிடுகிறது.

மலைச்சரிவையே இருக்கைகளாக்கி அமைந்த திறந்தவெளி அரங்கு வளாகத்தின் இன்னொரு செல்வம். சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் ஊட்டிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இதே பல்கலைக்கழகத்தில்தான் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் ஈழத்துக் கூத்து மரபைத் துலக்கி, கற்றோர் அவைக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டுப்புறக் களரியில் ஆடிய கூத்து கலாசாலைக்குள் வந்ததும், கலாசாலை மண்டபத்து நாடகம் மலைச்சரிவில் இறங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

சற்று மேலேறினால் குறிஞ்சிக்குமரன் ஆலயம். மலையும் மலைசார்ந்த இடமும் முருகனுக்குரியவை என்று வகுத்த தமிழ் மரபுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமா? பௌத்த, இஸ்லாமிய, கிறிஸ்தவ மாணவர்க்கும் வளாகத்தில் வழிபாட்டிடங்கள் உள்ளன. ஆலயத்துக்கு ஏறும் பாதையில் நின்று கீழே நோக்கினால், கட்டடங்கள் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டு கூரைகளை மட்டும் காட்டுகின்றன.

ஒரு மாணவியின் வினா

ஒருமுறை புற்றரையின் ஓரத்தில் மாணவர் எல்லோரும் வியந்து நிற்க, ஒருத்தி மட்டும் வியக்கவில்லை. அவளுடைய தாயார் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். அவள் நம்மை நோக்கி, “இந்தப் புல்லு வெட்ட எத்தனை பேர் போடுவாங்க, சேர்?” என்று கேட்டாள்.

தோட்டத்து வழக்கை அறியாதார்க்கு இதன் பொருள் முழுவதும் விளங்காது. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஆளை மட்டுமன்று, ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவையும் குறிக்கும். விதித்த அளவு கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ போடப்படும். ஆகவே அம்மாணவி கேட்டது இதுதான்: இந்த அழகுக்கு எத்தனை நாட்கூலி? மற்றவர்கள் பச்சையைக் கண்ட இடத்தில் அவள் உழைப்பைக் கண்டாள். அதை ஒரு குறையென்று நாம் கருதவில்லை. அழகை அதன் விலையோடு சேர்த்துக் காணும் கண் அது.

அங்கே பூவரிசைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இவ்வினாவைக் கேட்டு முறுவலித்தார். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரே. “பெரியவர், இங்கு எது கடினமான வேலை?” என்று வினவினோம். பூக்களைப் பற்றிச் சொல்வாரென எதிர்பார்த்தோம். அவரோ, “கான்தான் ஐயா. பூவை எல்லாரும் பார்ப்பாங்க. கானை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. கானை நாங்க பார்த்துக்கிட்டா, மலை நம்மைப் பார்த்துக்கும்” என்றார்.

கண்ணுக்குத் தெரியாத பணி

அம்முதியவரின் சொல் நூறு நூல்களுக்கு நிகரானது. கான் என்பது மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சரிவின் குறுக்கே மென்சாய்வாக வெட்டப்படும் வாய்க்கால். மலைச்சரிவில் விழும் மழை நேரே கீழ்நோக்கிப் பாயுமாயின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். கான் அதன் வேகத்தைத் தணித்து, பக்கவாட்டில் திருப்பி, கற்பாவிய வழியாகப் பத்திரமாக இறக்கிவிடுகிறது. ஆனால் உதிர்ந்த இலையும் வழிந்த மண்ணும் சேர்ந்து அதனை அடைத்துவிட்டால், தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்துத் தளரும். ஒருநாள் சரிவே பெயர்ந்து விழும். ஆகவே மழைக்கு முன் கான் வாருவதென்பது அலங்கார வேலையன்று, உயிர்காக்கும் வேலை.

புற்றரையும் அவ்வாறே. பார்வைக்கு அது பச்சை விரிப்பு. மண்ணுக்கு அது போர்வை. மழைத்துளியின் அடியை இலைகள் தாங்குகின்றன. வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன. மிகக் குட்டையாக வெட்டினால் வேர் நலியும். வெட்டாது விட்டால் களை மூடும். மரங்களுக்கும் காலமறிந்து கிளை கழிக்க வேண்டும். பட்ட கிளையைப் பருவக்காற்று தொடங்குமுன் இறக்காவிடின், அதன் கீழே நடப்போர்க்கு ஆபத்து. வைகாசி தொட்டுத் தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் இடிமழையும் வடகீழ்ப் பருவக்காற்றும் வருகின்றன. இடைப்பட்ட சில வாரங்களிலேயே இவ்வேலைகளை முடித்தாக வேண்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வந்த டித்வா புயலை மலைநாட்டார் எளிதில் மறவார். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, நாடு முழுவதிலும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மகாவலி கரைபுரண்டு பேராதனையின் தாழ்நிலங்களுள் புகுந்தது. அத்தகைய பேய்மழையைக் கான்களும் புற்களும் மட்டுமே தடுத்திருக்கும் என்று சொல்வது பேதைமை. ஆயினும் ஒவ்வோராண்டும் வருகின்ற சாதாரண மழைக்குத் தப்புவதும் வீழ்வதும் பெரும்பாலும் பேணுதலையே பொறுத்தவை. பேணாத முற்றம் அழகிழப்பதோடு நின்றுவிடுவதில்லை. மலைநாட்டில் அது பகையாகவும் மாறிவிடுகிறது.

அண்டையிலும் அப்பாலும்

பேணுதற் கலையைக் கற்க விரும்புவோர்க்கு மலைநாட்டில் ஆசிரியர் பஞ்சமில்லை. பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே, மகாவலியின் வளைவுக்குள், 147 ஏக்கர் பரப்பில் 1821ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பேராதனைப் பூங்கா இருக்கிறது. நுவரெலியாவுக்கு அப்பால் 5,000 அடிக்கு மேல் அமைந்த ஹக்கலைப் பூங்கா 1861ஆம் ஆண்டு கொயினா மருந்துதரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுச் சோதிப்பதற்காகத் தோன்றியது. இன்று அதன் ரோசா மலர்களைக் காணச் சித்திரை மாதத்தில் கூட்டம் அலைமோதுகிறது. நுவரெலியா நகரின் நடுவேயுள்ள விக்டோரியாப் பூங்கா, மகாராணியின் 1897ஆம் ஆண்டு வைரவிழா நினைவாகப் பெயர் பெற்றது. குளிர்காலத்தில் காசுமீரத்திலிருந்து பறந்துவரும் சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் குருவிக்கு அது விருந்தகம். பயனுக்காகத் தோன்றிய தோட்டம் அழகுக்குப் பெயர்பெறுவதும், அழகுக்காகப் பேணிய பூங்கா பறவைக்குப் பயன்படுவதும் இயல்பே.

உலகின் பிற பாகங்களிலும் கலாசாலைகள் வெளியைப் போற்றியுள்ளன. வளாகத்தைக் குறிக்கும் ‘கம்பஸ்’ என்ற சொல்லே இலத்தீன் மொழியில் வயல்வெளி எனப் பொருள்படும். கவியரசர் தாகூர் 1901ஆம் ஆண்டு சாந்திநிகேதனத்தில் மரத்தடிகளையே வகுப்பறைகளாக்கினார்; மரம் நடுவதை அங்கே ஒரு விழாவாகவும் ஆக்கினார். அவர் 1934ஆம் ஆண்டு நம் நாட்டுக்கு வந்தபோது ஹொரணையில் ஸ்ரீபாலி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அது இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக விளங்குகிறது.

அமெரிக்காவிலே தோமஸ் ஜெபர்சன் 1819ஆம் ஆண்டு நிறுவிய வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் நடுப்புற்றரை உலகப் புகழ்பெற்றது. அதனைச் சமன் செய்தவர்களும் செங்கல் சுட்டவர்களும் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டிலேதான் அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் முற்றுப்பெற்றது. தாமதமாயினும் நல்ல செயல். பேராதனை வளாகத்தின் நிலத்திலும் ஒருகாலத்தில் தேயிலையும் இறப்பரும் விளைந்தன. இன்று மாணவர் அமர்ந்து படிக்கும் சரிவுகளில், அன்று பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கூடையோடு ஏறியவர்கள் நடந்திருக்கிறார்கள். அந்நடையையும் நினைவுகூர்தல் கற்றோர்க்கு அழகு.

நமது பள்ளி முற்றங்கள்

ஆசிரியர் பற்றாக்குறையும், ஒழுகும் கூரையும், போதாத மலசலகூடமும் உள்ள தோட்டப் பாடசாலைக்குப் பூந்தோட்டம் ஒரு கேடா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பிள்ளையின் வயிறு வாடும்போது ரோசாச் செடியைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்தாகும். ஆனால் நாம் பேசுவது ரோசாவைப் பற்றி மட்டுமன்று. மலையை வெட்டி அமைத்த மைதானத்தின் விளிம்பு, வகுப்பறைக்குப் பின்னேயுள்ள மண்சுவர், அடைபட்ட கான், வேர் வெளித்தெரியும் மரம், இவையெல்லாம் முற்றத்தில் அடங்கியவையே. இவற்றைக் கவனியாது விடுவதுதான் ஏழைப் பாடசாலைக்குத் தாங்கமுடியாத செலவு.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையில், தேயிலை மலைகள் சூழ அமைந்துள்ளது. அத்தகைய இடத்தில் பயின்று வெளியேறும் இளம் ஆசிரியர் ஒவ்வொருவரும் மூன்று வேலைகளை மட்டும் தம் பாடசாலையில் தொடங்கலாம். மழைக்கு முன் மாணவரோடு சென்று கான்களின் போக்கைப் பார்த்து, அடைபட்ட இடங்களைப் படமாக வரையச் செய்யலாம். வெற்றுச் சரிவில், ஆழ வேரூன்றும் வெட்டிவேரைச் சமவுயரக் கோட்டில் நடலாம். நிழலுக்கு ஒரு மரத்தை, அதன் பெயரும் நட்ட ஆண்டும் எழுதி, ஒரு வகுப்பின் பொறுப்பில் விடலாம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டாம். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே என்றால், லயத்து வாசலில் அமர்ந்திருக்கிறார்கள் நாற்பது ஆண்டு கான் வெட்டிய தாத்தாக்களும், செடியின் மனமறிந்த பாட்டிமாரும். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, மாணவர் முன் நாற்காலியிட்டு அமர்த்தி, ‘சொல்லுங்கள் ஐயா, சொல்லுங்கள் அம்மா’ என்று கேட்கும் நாள், மலையகக் கல்வியில் ஒரு பொன்னாளாகும்.

இந்தியாவிலிருந்து நம் மூதாதையர் தோட்டங்களுக்கு வந்து 2023ஆம் ஆண்டோடு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. அவர்களிடம் எழுத்தறிவு இல்லையென்று எழுதிவைத்தோர் பலர். மலையின் சரிவை, மழையின் வரவை, மண்ணின் குணத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள் என எழுதியோர் சிலரே. அவ்வறிவைக் கூலிவேலை என்று ஒதுக்கிவிட்டுப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை பாதியறிவோடுதான் செல்கிறது. அதனைப் பெருமையோடு எடுத்துச் செல்லும் பிள்ளைக்குப் பேராதனையின் புற்றரை அந்நிய நிலமாகத் தோன்றாது.

எத்தனை பேர் போடுவார்கள் என்று கேட்ட அம்மாணவிக்கு நாம் ஓர் எண்ணைச் சொல்ல முயலவில்லை. அந்த முதியவர் தம் மண்வெட்டியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, பாத்தியின் ஓரத்தை இரண்டு வெட்டில் நேராக்கினாள். பழகிய கை. அவர் அதைப் பார்த்து, “படிக்க வா தாயி, இங்கேயே வா” என்றார். அடுத்த பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன.